மூக்கன் மூக்கில் ஊதியது யார்

காவல் நிலையத்தின் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்பதை மிகுந்த துயரத்துடன் சகலருக்கும் அறிவித்துக்கொள்கிறேன். மறைந்த பேனாவின் வயது தெரியவில்லை. அதன் மூடி முன்னமே காலமாகிவிட்டது.

மேற்படி வரிகளைப் பார்த்த அதிகாரி அவற்றை அடிக்கச் சொன்னார். பிறகு, அடித்தால் தாள் அசிங்கமாகும், கிடக்கட்டும், அடுத்த வரியிலிருந்து மனுஷன் மாதிரி எழுது என்று தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தார். அந்தப் பேனாவால் எழுதுகிறேன்.

என் பெயரையும் அப்பா பெயரையும் மேலே அதிகாரியே எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர் வகுப்பில் வருகை எடுக்கும் ஆசிரியர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் நான் ரேடியோ. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று, கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, இரண்டாம் மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது, நான்காம் மாடிப் பூனை குட்டி போட்டது என்று செய்தி வாசிப்பதால் வந்த பெயர். வயது பதினேழு. பள்ளியில் கடைசி வருடம். சலவை நிலையம் இருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி, படியேறியதும் இடது கைப்பக்க வீடு. அப்பா இல்லை. அம்மா கீழே சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறார். எனக்குப் பதினெட்டு நிறையாததால் அம்மாவும் வர வேண்டும் என்று சொல்லி அழைத்து வந்து, என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் சொல்வதைக் கேட்டு எழுத உட்கார்ந்த காவலர், இவன் வாய்க்கு என் கை ஓடாது என்று எழுந்துவிட்டதால் நானே எழுதுகிறேன்.

எதற்காக எழுதுகிறேன் என்றால், என் மாமா இறந்துவிட்டார். அவருடைய அறையில் காற்றைச் சோதிக்க வைத்திருந்த பெட்டியில் நான் விளையாடிவிட்டேன், அதனால் பெட்டி சொன்ன எதையும் நம்பக் கூடாது என்று கட்டட முதலாளி தரப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி சொன்னது சரி, அந்த அறையின் சுவரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவமனை தரப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறைக்கு இப்போது வெள்ளை அடித்து முடித்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வரப்போகிறது. தொட்டில் மட்டும் முன்னால் வந்து, படிக்கட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அதிகாரி என்னிடம், "நீ எழுதித் தர்றத வச்சுத்தான் அந்தச் சுவத்தத் திறக்கிறதா வேணாமான்னு முடிவாகும், புரியுதா?" என்றார். புரிந்தது.

மாமா என்பது அம்மாவின் ஒரே தம்பி. சலவை நிலையத்தின் வேனை ஓட்டியவர். அதனால்தான் அந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடிப் பின்பக்க அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவருடைய கிட்னி இரண்டும் கெட்டுப்போய், ஸ்டியரிங் பிடித்த கையில் ஊசி மட்டுமே இருந்த காலத்தில், அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மாப்ள, உங்கம்மா எனக்குள்ளயே குடி வந்துட்டா. வெளிய இருந்து திட்டுனது பத்தாதுன்னு இப்ப உள்ள இருந்தும் திட்டுறா" என்றார். அம்மா சிரித்தார், உடனே தையல் வலிக்கிறது என்று விலாவைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு மாமா தினமும் கை நிறைய மாத்திரை சாப்பிட்டார். மருத்துவர் சொன்னதை மாமா எனக்கு இப்படி விளக்கினார்: நம் உடம்புக்கு ஒரு காவல்காரன் உண்டு, அவன் விழித்திருந்தால் அக்கா கொடுத்த கிட்னியைத் திருட்டுப் பொருள் என்று பிடித்து வெளியே தள்ளிவிடுவான், அதனால் மாத்திரை கொடுத்து அவனைத் தூங்க வைக்கிறார்கள், ஆனால் அவன் தூங்கும் நேரத்தில் உண்மையான திருடன் வந்தாலும் யாரடா என்று கேட்க ஆள் கிடையாது. அப்படி வரக்கூடிய திருடர்களில் பூஞ்சையும் ஒன்று. சுவரில் பூக்கும் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் பறக்கும். அது பூஞ்சையின் விதை மாதிரி. உங்களுக்கும் எனக்கும் அதைச் சுவாசித்தால் ஒரு தும்மல். மாமாவுக்கு அது நுரையீரலுக்குள் முளைக்கும்.

மாமாவின் அறை எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, தெருவைப் பார்க்காத ஒரு ஜன்னல். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுக்க நீலச் சாயம் அடித்த பலகை. பலகைக்குப் பின்னால்தான் சலவை நிலையத்தின் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து மேலே போகும் காற்றுக்குழாய் இருக்கிறது. கீழே எத்தனை படுக்கை விரிப்பு காய்கிறதோ அத்தனை விரிப்பின் ஈரமும் மாமாவின் தலைமாட்டு வழியாகத்தான் மொட்டைமாடிக்குப் போகும். பலகை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை வரும். மாமா அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முதலாளி நமக்கு வெந்நீர் ஒத்தடம் இலவசமாகக் கொடுக்கிறார் என்பார்.

அதன் பிறகு மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். மாற்றுக் கிட்னி வைத்தவர்களின் வீட்டுக் காற்றைப் பார்ப்பது அவருடைய வேலை. அறையை மோந்து பார்த்தார், பலகையில் கையை வைத்துப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். அதன் பிறகு ஒரு வெள்ளைப் பெட்டியை அலமாரிக்கு மேலே வைத்தார். அதற்குப் பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்கு. அது எப்படி வேலை செய்யும் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெட்டி அறைக் காற்றை இழுக்கும். காற்றில் உள்ள தூளைப் பிடித்து உடைக்கும். உடைத்தால் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளியே வரும். பெட்டிக்குள் ஒரு தகட்டில், மோசமான பூஞ்சைகளின் டி.என்.ஏ.வுக்குப் பொருந்துகிற இழைகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

"ஒத்தச் செருப்பு மாதிரின்னு வச்சுக்கயேன் தம்பி. உள்ள சில ஒத்தச் செருப்பு காத்துக்கிட்டு இருக்கு. காத்துல வர்றது அதோட ஜோடியா இருந்தா மட்டும்தான் ஒட்டும், சிவப்பு எரியும். வேற ஆயிரம் செருப்பு வந்தாலும் கண்டுக்காது."

"அப்ப என் சாக்ஸ வச்சா, அக்கா?"

"அதுக்குத் தனி மிஷின் செய்யணும்."

மாமா விழுந்து விழுந்து சிரித்து, ஊரில் உள்ள செருப்பையெல்லாம் மோந்து பார்க்கிற இவனுக்கு மூக்கன் என்று பெயர் வைத்தார். மூக்கன் மோந்து, உடைத்து, ஜோடி பார்த்துச் சொல்ல ஒரு மணி நேரம் போல ஆகும் என்றும் அக்கா சொன்னார். சிவப்பு எரிந்து பெட்டி கத்தினால் ஆய்வகத்துக்கும் செய்தி போகும், உடனே கீழே உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், பலகையைக் கழற்றிப் பின்னால் சுத்தம் செய்ய வேண்டும், அதுவரை மாமா மருத்துவமனையின் நோயாளிகள் விடுதியில் தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்குப் பின்னால் நின்றவர் கட்டட மேற்பார்வையாளர். எல்லா அறைச் சாவியும் அவர் இடுப்பில் தொங்குவதால், வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். அவரை நாங்கள் சாவிக்கொத்து என்போம்.

இனி நான் செய்தது.

கட்டடத்தின் பின்முற்றம் எப்போதும் சலவை நிலையத்தின் தள்ளுவண்டிகளால் அடைந்து கிடக்கும். இயந்திரம் நின்றால் வண்டிகள் உள்ளே போய்விடும், முற்றம் எங்களுக்குக் கிடைக்கும், பந்து விளையாடலாம். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் மொட்டைமாடியில் இருந்தபோது, மூக்கனை ஏமாற்றி இயந்திரத்தை நிறுத்திக் காட்டுகிறேன் என்று பையன்களிடம் சவால் விட்டேன். உயரம் குறைவான ஒருவன் எங்கள் கூட்டத்தில் உண்டு, பெயர் அரைடிக்கெட். அவன் "நீ வாயாலயே நிறுத்திடுவ போ" என்றான். அதற்காகவே செய்தேன். ஒரு ரொட்டித் துண்டை ஈரப்படுத்தி டப்பாவில் போட்டு மூடி, எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். அது பச்சையாகப் பூக்கும்வரை காத்திருந்தேன். அதன் பிறகு மாமாவும் அம்மாவும் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போன நாளில், என்னிடம் இருந்த சாவியால் மாமாவின் அறையைத் திறந்து, நாற்காலியைப் போட்டு ஏறி, டப்பாவைத் திறந்து, பூஞ்சையை விரலால் சுண்டி, மூக்கனின் மூக்கில் ஊதினேன். ஊதியவுடன் சிவப்பு எரிந்தது. மூக்கன் கத்தினான். நான் இறங்கி மொட்டைமாடிக்குப் போய், உலகின் தலைசிறந்த மூக்கு ஒன்று இன்று ஒரு ரொட்டித் துண்டிடம் தோற்றது என்று செய்தி வாசித்தேன். அரைடிக்கெட் என்னைத் தோளில் தூக்கினான். அவன் உயரத்துக்கு என் கால் தரையில்தான் இருந்தது.

அதன் பிறகு இயந்திரம் நின்றது. வண்டிகள் உள்ளே போயின. பந்து விளையாடினோம். விளையாடும்போது அக்கா அவசரமாகப் படியேறிப் போவதைப் பார்த்தேன். மாமாவை மருத்துவமனையிலிருந்து அப்படியே விடுதிக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தார். பலகையைக் கழற்றுங்கள் என்றார். தச்சரைக் கூப்பிட வேண்டும், நாளைக்கு என்றார் சாவிக்கொத்து. ஆனால் அரைடிக்கெட்டின் அக்கா சலவை நிலையத்தில் மடிக்கும் பிரிவில் இருப்பவர். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி அரைடிக்கெட்டிடமிருந்து அவருக்கும், அவரிடமிருந்து சாவிக்கொத்துக்கும் போய்விட்டது.

சாவிக்கொத்து என்னைத் தேடி முற்றத்துக்கே வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை போட்டு, குளிர்ந்த சோடா வாங்கிக் கொடுத்து, "பெரிய ஆளுடா நீ. வா, முதலாளிகிட்டயும் ஒரு தடவ சொல்லு" என்று கூட்டிப் போனார். முதலாளி அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் அதுவரை அந்த அறைக்குள் போனதே இல்லை. ரொட்டியில் ஆரம்பித்து, தோளில் தூக்கியதுவரை சொன்னேன். முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன் பிறகு ஆய்வக அக்காவை அழைத்து, உங்கள் மிஷினை ஒரு பொடியன் ரொட்டி காட்டி ஏமாற்றிவிட்டான், இதற்காகவா என் இயந்திரத்தை நிறுத்தினேன் என்றார்.

அக்கா அமைதியாக, பெட்டி பிடித்திருப்பது ரொட்டிப் பூஞ்சை இல்லை, அதற்கான செருப்பே இதில் கிடையாது, இது வேறு பூஞ்சை, நுரையீரலில் முளைக்கிற வகை என்றார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடனே, ரொட்டி மட்டும் இல்லை, நான்காம் மாடிப் பொதுக் குளியலறைச் சுவரிலிருந்தும் பூஞ்சையைச் சுரண்டிச் சேர்த்துக்கொண்டேன் என்றேன். முதலாளி, போதுமா அம்மா என்றார். அக்கா எந்தச் சுவர் என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நான்காம் மாடிக்குப் போய்ப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் தச்சர் வரவில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அதன் பிறகு சாவிக்கொத்து, பையன்கள் இனிமேல் மூக்கனிடம் விளையாடக் கூடாது என்பதற்காக ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மூக்கனின் தலையிலிருந்து கால்வரை மாட்டி, அடியில் கயிறு கட்டினார். பைக்குள் இருந்த மூக்கன் பைக்குள் இருந்த காற்றையே திரும்பத் திரும்ப மோந்தான். பச்சை விளக்கு நன்றாக எரிந்தது. துணிகளுக்கு மழைக்காலத்தில் மாட்டுகிற பை அது. எங்கள் கட்டடத்தில் எதைப் பாதுகாப்பதென்றாலும் அந்தப் பையைத்தான் மாட்டுவார்கள்.

அதன் பிறகு மாமா விடுதியிலிருந்து துணி எடுக்க வந்தார். அக்காவும் கூட வந்திருந்தார், கீழே வாசலில் வண்டியோடு நின்றார். குளியலறைப் பூஞ்சையைப் பார்த்துவிட்டோம், அது வேறு, பெட்டி பிடித்தது வேறு, அதனால் இங்கே தங்க வேண்டாம் என்று அவர் மாமாவிடம் சொல்லியிருந்தார். சாவிக்கொத்து, இங்கே ஒன்றும் இல்லை, பச்சை எரிகிறது பார், அது உன் மருமகன் வேலை என்று சொல்லியிருந்தார். விடுதியில் ஒரே அறையில் பல பேர், எல்லோரும் நோயாளிகள், ஒருவர் மாற்றி ஒருவர் முனகுவார்கள் என்று மாமா சொன்னார். கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போல் பலகையில் சாயாமல், என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, விளையாட்டு இல்ல. என்னப் பாத்துச் சொல்லு. நெசமாவே நீதான் ஊதுனியா?"

நான் வாயைத் திறந்தேன். மாமா, "நீதான்னா நான் இங்கயே நிம்மதியாப் படுத்துக்குவேன்டா" என்றார்.

"நான்தான் மாமா" என்றேன்.

மாமா பெருமூச்சு விட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்து, "பொறுக்கி, என்ன எப்படிப் பயமுறுத்திட்ட" என்று சிரித்தார். அதன் பிறகு ஜன்னலைத் திறந்து, பக்கத்துச் சந்து வழியாக வாசலுக்குக் கேட்கும்படி, அக்காவைப் போகச் சொல்லிக் கத்தினார். அதன் பிறகு பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகு மாமாவுக்கு இருமல் வந்தது. முதலில் வேன் புகை என்றார், அவர் வேன் ஓட்டி நாளாகிறது. பிறகு காய்ச்சல். பிறகு கைக்குட்டையைத் துவைக்க அம்மாவிடம் கொடுக்காமல் தானே துவைக்க ஆரம்பித்தார். அம்மா சலவை நிலையத்தில் வேலை செய்கிறவர், எந்தக் கறை எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியும். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். படம் எடுத்தார்கள். மூக்கு வழியாக நுரையீரலுக்குள் குழாய் விட்டுச் சளி எடுத்துப் பார்த்தார்கள். மூக்கன் பெயர் சொன்ன அதே பூஞ்சை என்று அக்கா வந்து அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

பூஞ்சையைக் கொல்ல மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து கிட்னியைக் கெடுத்தது. உடம்பின் காவல்காரனை எழுப்புவதற்காக மற்ற மாத்திரைகளைக் குறைத்தார்கள். எழுந்தவன் முதலில் போய்ப் பிடித்தது அம்மாவின் கிட்னியைத்தான். மாமாவுக்குக் கடைசியில் பேச்சு வரவில்லை, முகமூடி மாட்டியிருந்தார்கள். நான் போனபோதெல்லாம் கையைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டுவார், செய்தி வாசி என்பதற்கு. நான் வாசித்தேன். இரண்டாம் மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது என்றேன். பூனைக்குட்டி ஒன்று காணாமல் போய்த் தள்ளுவண்டியில் கண்டுபிடிக்கப்பட்டது என்றேன். மாமா ஒரு காலைப் பொழுதில் இறந்தார். மருத்துவமனை நடையில் அம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்து, தையல் போட்ட விலாவைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு சாவிக்கொத்து மூக்கனை அலமாரியிலிருந்து இறக்கி, பையோடு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். அக்கா அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார் என்று கேள்விப்பட்டேன், பார்க்கவில்லை. அதன் பிறகு மருத்துவமனை புகார் கொடுத்தது. முதலாளியும் புகார் கொடுத்தார். நேற்று சாவிக்கொத்து வீட்டுக்கு வந்து, நீ செய்ததைச் செய்தபடி எழுதிக் கொடு, சின்னப் பையன், கண்டித்து விட்டுவிடுவார்கள், உங்கம்மா வேலைக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மூக்கனின் மூக்கில் ஊதியது உண்மை. பெட்டி கத்தியதற்குக் காரணம் நான். இதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி வாங்கி, எழுதியவனுக்கும் உடனிருப்பவருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி என்று சொல்லி, சத்தமாகப் படித்தார். அம்மா தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா இறந்ததிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதில்லை. சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். பெட்டியில் நான் ஏதோ விளையாடினேன் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். என்ன விளையாட்டு என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பூஞ்சையை விரலால் சுண்டி என்ற இடத்தை அதிகாரி படித்ததும் அம்மா தலையைத் தூக்கினார். மீதியையும் கேட்டார். குளியலறைச் சுவரைச் சுரண்டியதைக் கேட்டார். படித்து முடித்த பிறகு அதிகாரியிடம் சொன்னார்:

"சார், இவன் பூஞ்சயத் தொட மாட்டான். சின்ன வயசுல இருந்தே அதப் பாத்தா வாந்தி எடுப்பான். ஊறுகாய்ல வெள்ளையாப் பூத்திருந்தாக்கூட ரெண்டு நாளு அந்தப் பக்கம் வர மாட்டான்."

அதிகாரி என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார், இத்தனை நாளில் முதல் முறையாக. அதிகாரி இன்னொரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். இனி எழுதுவது அந்தத் தாள்.

நான் ஊதவில்லை.

ரொட்டியை டப்பாவில் வைத்தது உண்மை. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறியது உண்மை. இரண்டாம் மாடித் திருப்பத்தில், நன்றாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்க மூடியைக் கொஞ்சம் தூக்கினேன். பச்சையாக, முடி முடியாக இருந்தது. அங்கே மாடிப்படி கழுவுகிறவர் வைத்திருந்த வாளியில் வாந்தி எடுத்தேன். மூடியை அழுத்தி மூடிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மாமாவின் அறைக்குள்ளிருந்து மூக்கன் கத்துவது கேட்டது. அறை பூட்டியிருந்தது. சாவி என் பையில் இருந்தது. நான் திறக்கவில்லை. கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடி, நான்தான் என்றேன். மூக்கனின் மூக்கு பெட்டியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, அதிகாரி வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம். ஊதியவுடன் கத்தியது என்று எத்தனையோ பேரிடம் சொன்னேன். மூக்கனுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று அக்கா சொன்னது கூட நின்று கேட்ட யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு நினைவு இருந்தது.

குளியலறைச் சுவரையும் சுரண்டவில்லை. அந்தக் குளியலறைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டுதான் போய் வருவேன்.

மாமா கேட்டபோது உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவர், நீதான் என்றால் நிம்மதி என்றார். அவருக்கு வேண்டிய பதில் அதுதான் என்று எனக்குப் பட்டது. எனக்கு வேண்டிய பதிலும் அதுதான். முற்றத்தில் பையன்கள் எனக்காகப் பந்தோடு காத்திருந்தார்கள்.

ஆகவே மூக்கன் அன்று தானாகவே மோந்து, தானாகவே கத்தினான். பலகைக்குப் பின்னால் இருப்பதைத்தான் கத்தினான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, வெள்ளை அதன் முன்பக்கத்தில்தான் அடித்திருக்கிறார்கள். தொட்டில் உள்ளே போவதற்குள் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் முதலில் எழுதிய தாள்களில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. இந்தத் தாளை வாங்கி, தானே எழுத்துக்கூட்டிப் படித்து, போட்டிருக்கிறார். என்னிடம் இன்னும் ஒன்றும் பேசவில்லை.

முந்தைய தாள்களில் நான் அறையைத் திறந்தேன், நாற்காலியில் ஏறினேன், ஊதினேன், சுண்டினேன், சுரண்டினேன், பெட்டி கத்தியதற்குக் காரணம் நான் என்று வருகிற இடங்களும், யார் தூண்டுதலும் இல்லை என்று முடித்த இடமும் பொய். மற்றவை நடந்தவை. இந்தத் தாளில் இருப்பது எல்லாம் நடந்தது. சான்றாக அந்த டப்பா எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூடியபடியே இருக்கிறது, உள்ளே ரொட்டி இருக்கிறது. அதை எறியக்கூட என்னால் முடியவில்லை. யாராவது வந்து எடுத்துக்கொள்ளவும். நானே கொண்டுவந்து கொடுப்பேன் என்று இந்த இடத்தில் எழுதி, அடித்திருக்கிறேன். என்னால் முடியாது, வாந்தி வரும்.

கையெழுத்து: மேலே அதிகாரி எழுதிய பெயரை உடைய, ரேடியோ என்று அழைக்கப்பட்டவன்.